சின்னப் புத்தகம், சிக்கனப் புத்தகம்

சிக்கனக் குறிப்புகளுக்கு நம்மிடம் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. பெண்கள் பத்திரிகைகளோடு வரும் இணைப்புப் புத்தகம், நாட்காட்டித் தாளின் பின்பக்கம், மளிகைக் கடையில் தீபாவளிக்குத் தரும் கையேடு, இப்போது கைப்பேசியில் ‘காலை வணக்கத்’தோடு சேர்ந்து வரும் செய்தி என்று எங்கு பார்த்தாலும் ‘நூறு டிப்ஸ்’, ‘ஆயிரம் டிப்ஸ்’. படிக்கிறோம். ‘நல்ல யோசனையாக இருக்கிறதே’ என்கிறோம். பிறகு அந்தப் புத்தகம் பழைய பேப்பர் கட்டோடு சேர்ந்து ரத்திவாலாவிடம் போய்ச் சேருகிறது. மாதக் கடைசியில் பர்ஸ் வழக்கம்போலக் காலியாகவே இருக்கிறது.

மும்பை போன்ற ஊரில் பிழைக்க வந்த நம்மைப் போன்ற குடும்பங்களுக்குச் சிக்கனம் என்பது பொழுதுபோக்கு அல்ல. சம்பளத்தில் பெரும் பங்கை வாடகை தின்றுவிடுகிறது. ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடச் செலவு. அதற்கு முன் மே மாதம் ஊருக்குப் போய் வயதான பெற்றோரைப் பார்க்க வேண்டும். மாதம் இருநூறு, முந்நூறு மிச்சமானால் நால்வரும் சேர்ந்து ஊருக்குப் போகலாம். இல்லையென்றால் அப்பா மட்டும் போய்வர வேண்டியதுதான். எத்தனையோ வீடுகளில் நிலைமை இதுதான்.

விளம்பரப் படங்கள் வரைவதும் புத்தகங்களுக்குப் பக்க அமைப்புச் செய்வதும் என் தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் பகுதித் தமிழ்ப் பெண்கள் சிலர் திரட்டி வைத்திருந்த சிக்கனக் குறிப்புகளை 32 பக்கச் சின்னப் புத்தகமாக வடிவமைத்துப் படங்களும் வரைந்து கொடுத்தேன். ‘எங்கள் பகுதிக்கும் இப்படி ஒன்று போட வேண்டும், எப்படிச் செய்தீர்கள்?’ என்று அன்பர்கள் பலர் கேட்டதால் அந்த முறையை இங்கே விளக்குகிறேன். ஓவியம் கற்றவர்கள்தான் செய்ய முடியும் என்பதில்லை. பொறுமையும் ஒரு பேனாவும் இருந்தால் போதும்.

முதலில் சலித்தெடுங்கள்

எங்களிடம் வந்து சேர்ந்த குறிப்புகள் நூற்றுக்கும் மேல். புத்தகத்தில் இடம் பெற்றவை பதின்மூன்று. மற்றவை மோசமான குறிப்புகள் என்று பொருளல்ல. மூன்று கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லக்கூடிய குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். இதனால் மிச்சம் எவ்வளவு? யாருக்குப் பயன்படும்? எப்போது பயன்படாது?

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலான புத்தகங்கள் கேட்பதில்லை. லோக்கல் ரயில் பாஸை எடுத்துக்கொள்வோம். மூன்று மாத பாஸின் கட்டணம் ஒரு மாத பாஸைப் போல 2.7 மடங்கு. கணக்குக்காக மாத பாஸ் ₹300 என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை தனித்தனியாக வாங்க ₹900 ஆகும். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் ₹810. தொண்ணூறு ரூபாய் மிச்சம், கவுண்டரில் நிற்பதும் இரண்டு முறை மிச்சம். நல்ல குறிப்புதான். ஆனால் ஏப்ரலில் மூன்று மாத பாஸ் எடுத்துவிட்டு மே மாதம் முழுவதும் ஊரில் இருப்பவருக்கு என்ன ஆகும்? இரண்டு மாதம் ரயிலில் போக ₹600 போதுமான இடத்தில் ₹810 கொடுத்திருப்பார். ஒரே குறிப்பு ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு ₹210 நஷ்டம்.

‘மளிகையை மொத்தமாக வாங்குங்கள்’ என்பதும் அப்படித்தான். ஊரில் குதிரும் பரணும் இருந்த வீட்டுக்கு அது சரி. மும்பையில் ஒற்றை அறையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை ஈரத்தில், மூன்று மாதத்து ரவையும் பருப்பும் வாங்கி வைத்தால் வண்டுக்கும் புழுவுக்கும் விருந்து வைத்ததாகும். ஆகவே எங்கள் புத்தகத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே ‘யாருக்கு ஆகாது?’ என்று ஒரு வரி கட்டாயம் உண்டு. நம்பிப் படிக்கிறவருக்கு முதல் குறிப்பே கைவிட்டால் மீதிப் பன்னிரண்டையும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

பழமொழிகளையும் கணக்குப் போட்டுத்தான் சேர்த்தோம். ‘சிறு துளி பெருவெள்ளம்’ என்று எல்லோரும் சொல்கிறோம். சொட்டும் குழாயில் ஒரு வினாடிக்கு ஒரு துளி என்றால் ஒரு நாளைக்கு 86,400 துளிகள். சுமார் 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். அப்படியானால் நாளொன்றுக்கு நாலு லிட்டருக்கு மேல். நாலைந்து நாளில் ஒரு வாளி. தண்ணீர் அரைமணி நேரம் மட்டும் வரும் குடியிருப்பில் ஒரு வாளித் தண்ணீரின் மதிப்பு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. குழாய்க்குப் புது வாஷர் போடும் செலவோ மிகச் சிறியது. இப்போது பழமொழி குறிப்பாகிவிட்டது.

விலை மாறும், அளவு மாறாது

‘இதனால் மாதம் இத்தனை ரூபாய் மிச்சம்’ என்று அச்சடித்தால் அடுத்த ஆண்டே புத்தகம் பழசாகிவிடும். எனவே உள்பக்கங்களில் ரூபாய்க் கணக்கையே முடிந்தவரை தவிர்த்தோம். யூனிட், லிட்டர், கிராம், நாள் என்று அளவைச் சொல்லி, ரூபாயை வாசகரே பெருக்கிக்கொள்ளக் கட்டம் கொடுத்தோம்.

மின்விசிறியை வைத்துச் சொல்கிறேன். பழைய வகை மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. வகை சுமார் 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம், மாதம் 30 நாள் ஓடினால் பழையதற்கு 27 யூனிட், புதியதற்கு 10.8 யூனிட். மாதம் 16 யூனிட் மிச்சம். அதற்குக் கீழே இப்படி ஒரு கட்டம்: ‘16 யூனிட் × ₹____ = ₹____’. தன் மின்கட்டண ரசீதைப் பார்த்து வாசகர் நிரப்பிக்கொள்வார். விசிறியின் விலையை இந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்பதும் தெரிந்துவிடும். ‘யாருக்கு ஆகாது?’ வரியில், ‘இரண்டு மூன்று மணி நேரமே ஓடும் விசிறிக்கு இது வீண் செலவு’ என்று போட்டோம். கூடவே ‘வாடகை வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்ல மறவாதீர்கள்’ என்றும் சேர்த்தோம்!

ரசீதைப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரிய வேண்டும். மகாராஷ்டிரத்தில் வீட்டு மின்கட்டணம் 100, 300, 500 யூனிட் என்று படிப்படியாக ஏறுகிறது. முதல் படிக்கு ஒரு விலை, மேல்படிக்கு அதிக விலை. நாம் மிச்சப்படுத்தும் யூனிட் எப்போதும் மேல்படியிலிருந்துதான் கழியும். 310 யூனிட் செலவாகும் வீட்டில் 16 யூனிட் குறைந்தால், அதில் 10 யூனிட் மூன்றாம் படியில் கழிகிறது. மீதி 6 இரண்டாம் படியில். இதைப் பத்தி பத்தியாக எழுதினால் தலை சுற்றும். நாலு படிக்கட்டு வரைந்து, மேல்படியிலிருந்து ஒருவர் மூட்டையை இறக்குவது போலப் போட்டேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மாறக்கூடிய விதிகளைக் கடைசிப் பக்கத்தில் தனியே, தேதியுடன் போடுங்கள். ரயில் முன்பதிவே இதற்கு நல்ல சாட்சி. 120 நாள் முன்னதாகப் பதிவு செய்யலாம் என்று இருந்தது, 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆனது. பழைய எண்ணிக்கையை நம்பிக்கொண்டிருப்பவர் பொங்கலுக்கு டிக்கெட் எடுக்கும் நாளைத் தப்பாகக் குறித்து வைத்திருப்பார். கடைசித் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டிக்கொண்டால் புத்தகம் மறுபடி புதிதாகிவிடும்.

அளவும் தாளும்

சிக்கனத்தைச் சொல்லும் புத்தகம் சிக்கனமாக அச்சாக வேண்டாமா? நாங்கள் தேர்ந்தெடுத்தது ஏ6 அளவு, அதாவது 105 × 148 மில்லி மீட்டர். சட்டைப் பையிலும் கைப்பையிலும் அடங்கும். ஜெராக்ஸ் கடையில் எப்போதும் கிடைக்கும் ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் இதுபோல நாலு பக்கம் அடங்கும். இரு புறமும் சேர்த்து எட்டு. ஆக 32 பக்கத்துக்கு நாலே தாள். வெட்டில் ஒரு துண்டுத் தாள்கூட வீணாகாது. 250 பிரதிக்கு 1,000 தாள், அதாவது இரண்டு ரீம். அட்டைக்கு ஒரு ஏ4 அட்டையில் இரண்டு பிரதி தேறும். எனவே 125 அட்டை.

தாள் 70 ஜி.எஸ்.எம். என்றால் மறுபக்கத்துப் படம் இந்தப் பக்கம் தெரியும். 80 ஜி.எஸ்.எம். நல்லது. அந்தக் கனத்தில் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். நாலு தாளுக்கு 20 கிராம், 250 ஜி.எஸ்.எம். அட்டைக்கு 8 கிராம். மொத்தப் புத்தகமும் 28 கிராம்தான். ஊருக்குப் போகிறவர் பத்துப் பிரதி கொண்டு போனாலும் பெட்டி கனக்காது.

வண்ணம் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. நாலு வண்ண அச்சு வேண்டாம். மஞ்சள் அட்டை வாங்கி அதில் கறுப்பில் அச்சடியுங்கள், அட்டை இரண்டு வண்ணத்தில் பளிச்சென்று நிற்கும். உள்ளே முழுவதும் கறுப்பு மட்டும். ஜெராக்ஸ் இயந்திரம் தாளின் ஓரம் வரை அச்சடிக்காது. எனவே படங்களை ஓரம் தொடாமல், சுற்றிலும் ஒரு சென்டி மீட்டர் வெள்ளை விட்டு அமையுங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு ஒரே தாளில் சேரும் என்பதில் எல்லோரும் தடுமாறுவார்கள். எளிய வழி ஒன்று உண்டு. 32 பக்கப் புத்தகத்தில் அருகருகே அச்சாகும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 33 வரும். ஒன்றோடு 32, இரண்டோடு 31, பத்தோடு 23 என்று போகும். வெள்ளைத் தாளை மடித்து எண் போட்டு ஒரு ‘டம்மி’ செய்து கையில் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

இன்னொன்று. இடது மேல் மூலையில் ஒரு துளை போட்டு நூல் கோத்தோம். சமையல் மேடைக்கு மேலே ஆணியில் தொங்கும் புத்தகம் ரத்திவாலாவிடம் போவதில்லை.

எந்தக் குறிப்பு எங்கே?

மின்சாரம், எரிபொருள், தண்ணீர் என்று பாடப்புத்தகம் போலத் தலைப்புப் பிரிப்பது வழக்கம். வீட்டில் இருப்பவர் அப்படி நினைப்பதில்லை. அவர் அடுப்பு முன்னால் நிற்கிறார், குழாயடியில் நிற்கிறார், கடையில் நிற்கிறார். எனவே நிற்கும் இடத்தை வைத்துப் பிரித்தோம்: அடுப்படி, குழாயடி, ஸ்விட்ச் போர்டு, கடை, பயணம்.

புத்தகத்தை விரித்தால் இரண்டு பக்கம் கண்ணில் படும். அந்த இரண்டு பக்கத்துக்கு ஒரே குறிப்பு. இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து. முதல் பக்கம் தலைப்பு. 2, 3 உள்ளடக்கம். 4 முதல் 29 வரை பதின்மூன்று குறிப்புகள். 30, 31-ல் மாதக் கணக்கு எழுதக் கட்டங்கள். 32-ல் தேதியிட்ட விதிகள். ‘இவ்வளவு இடத்தில் ஐம்பது குறிப்பு அடைக்கலாமே’ என்பார்கள். அடைக்கலாம். ஆனால் மாவுக் கையோடு புரட்டுகிறவருக்கு ஒரு பார்வையில் ஒரு விஷயம் போதும்.

படமே கணக்குச் சொல்ல வேண்டும்

மின்விசிறிக் கணக்கைப் படமாக்க ஒரு பெரிய விசிறியும் ஒரு சின்ன விசிறியும் போடலாம் என்று தோன்றும். அது தவறான கணக்கு. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் இரண்டு மடங்காகும், பரப்பு நாலு மடங்காகிவிடும். கண் பார்ப்பது பரப்பைத்தான். வியன்னாவில் ஆட்டோ நியூராத் என்ற அறிஞர் 1925-ல் தொடங்கிய அருங்காட்சியகத்தில் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள். அதிகம் என்று காட்டப் படத்தைப் பெரிதாக்காதே, அதே அளவுப் படத்தை அதிக எண்ணிக்கையில் போடு என்பது அந்த விதி. கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் அதற்காக வரைந்த எளிய உருவங்கள் புகழ் பெற்றவை. பின்னாளில் இந்த முறைக்கு ‘ஐசோடைப்’ என்று பெயர் வந்தது. நான் செய்ததும் அதுவே. பழைய விசிறியின் பக்கத்தில் 27 சின்னக் கட்டங்கள், புதியதன் பக்கத்தில் பதினொன்று. எண்ணத் தெரிந்த குழந்தைகூடச் சொல்லிவிடும்.

செய்ய வேண்டியதையே வரையுங்கள். செய்யக் கூடாததை வரைந்து மேலே பெருக்கல் குறி போடுவது பலரின் வழக்கம். சின்னப் படத்தில் அந்தக் குறி கண்ணில் படுவதற்கு முன்னால் படம் மனதில் பதிந்துவிடும். அம்புக்குறியையும் நம்ப முடியாது. பாத்திரத்துக்கு மேலே ஓர் அம்பு இருந்தால் ‘மூடு’ என்றும் படிக்கலாம், ‘திற’ என்றும் படிக்கலாம். அதற்குப் பதில் மூடியை வைக்கும் கையை வரையுங்கள். நம் கோபுலு விகடனில் வார்த்தையே இல்லாமல் வரைந்த நகைச்சுவைப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை இருக்கும் நிலையே முழுக் கதையையும் சொல்லிவிடும்.

குக்கர் பக்கத்தை எப்படி அமைத்தோம் என்று சொல்கிறேன். குக்கருக்குள் அழுத்தம் முழுமையாக ஏறியதும் வெப்பம் சுமார் 120 டிகிரியில் நின்றுவிடும். அதன் பிறகு தீயைக் கூட்டி எரிப்பதால் உள்ளே சூடு கூடுவதில்லை, நீராவி விசிலாக வெளியே போவதுதான் மிச்சம். எனவே முதல் விசிலுக்குப் பிறகு தீயைத் தணித்தால் கேஸ் மிச்சமாகும். படம் இரண்டே கட்டம். முதலில் விசிலும் பெரிய தீயும்; அடுத்ததில் குமிழைத் திருப்பும் கையும் சின்னத் தீயும். ‘யாருக்கு ஆகாது?’ வரியில், ‘மூன்று விசில், நாலு விசில் என்று எண்ணிச் சமைப்பவர்கள் இனி கடிகாரத்தைப் பார்க்கப் பழக வேண்டும்’ என்று எழுதினோம்.

பொருள்கள் நம் வீட்டுப் பொருளாக இருக்கட்டும். இலவசமாகக் கிடைக்கும் படத் தொகுப்புகளில் சேமிப்பு என்றால் பன்றிக்குட்டி உண்டியலும் டாலர் மூட்டையும்தான் வரும். நம் அம்மாக்கள் காசு சேர்த்தது மண் உண்டியலிலும் கடுகு டப்பாவிலும். கடுகு டப்பாவை வரைந்தால் எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு வருகிறது. அந்தப் பக்கம் மறப்பதும் இல்லை. ரூபாய் நோட்டை மட்டும் அச்சு அசலாக வரையாதீர்கள், சட்டம் அனுமதிக்காது. ₹ குறியே போதும். 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட அந்தக் குறியை வடிவமைத்த உதயகுமார் ஒரு தமிழர், மும்பை ஐ.ஐ.டி.யில் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர் என்பது நமக்குப் பெருமை.

குற்றவாளி யார்?

பல சிக்கனப் புத்தகங்களில் ஒரு பொதுவான குறை உண்டு. விளக்கை அணைக்காமல் போகிறவள் பெண், குழாயைத் திறந்து விடுகிறவள் பெண், கடையில் அள்ளி வாங்குகிறவளும் பெண். அறிவுரை சொல்லி விரல் நீட்டுகிறவர் மட்டும் ஆண்! பத்து ரூபாயைப் பத்து விதமாக எண்ணிச் செலவழிக்கிற இல்லத்தரசி இதைப் பார்த்தால் புத்தகத்தை மூடிவிடுவார், மூடுவதே நியாயம்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இந்தச் சிக்கலுக்கு அழகான தீர்வு கண்டார்கள். அங்கே 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்தது. 1943-ல் அரசு ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ என்ற சின்னப் புத்தகத்தை வெளியிட்டது. இருக்கும் துணியைத் தைத்தும் ஒட்டுப் போட்டும் உடுத்துவது எப்படி என்று படங்களோடு சொல்லும் புத்தகம் அது. அதே காலத்தில் தேசிய சேமிப்புக் குழுவுக்காக ஃபிலிப் பாய்டெல் என்ற ஓவியர் ‘ஸ்குவாண்டர் பக்’ என்று ஒரு பூச்சியை வரைந்தார். கடைக்குப் போகிறவரின் காதருகே நின்று ‘வாங்கு, வாங்கு’ என்று தூண்டும் பூச்சி. வீண் செலவுக்குக் காரணம் மனிதரல்ல, அந்தப் பூச்சி! மனிதரைத் திட்டாமல் பழக்கத்தைக் கேலி செய்யும் வழி இது.

எங்கள் புத்தகத்தில் அந்த இடத்தை ஓர் எலிக்குக் கொடுத்தேன். எலியை அறியாத மும்பைக் குடும்பம் ஏது? எரியும் விளக்கடியில் அது கால் நீட்டிப் படித்துக்கொண்டிருக்கும், சொட்டும் குழாயடியில் குளிக்கும், கடையில் நம் பைக்குள் பொட்டலங்களைத் தள்ளும். விளக்கை அணைக்கும் கை அப்பாவுடையது, பருப்பை ஊற வைப்பது மகன், மின்மீட்டரைப் பார்த்து எழுதுவது மகள். வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை.

எழுத்தும் பேச்சும்

தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் கொம்பும் சுழியும் உண்டு. எனவே வரிகளுக்கிடையே இடைவெளி தாராளமாக வேண்டும். எங்கள் புத்தகத்தில் எழுத்து 12 புள்ளி, வரி இடைவெளி 17 புள்ளி. நம் சொற்களும் நீளம். சின்னப் பக்கத்தில் இரு ஓரமும் நேராக இருக்க வேண்டும் என்று இழுத்துப் பிடித்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். எழுத்துருவை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மும்பை ‘ஏக் டைப்’ குழுவினர் உருவாக்கிய ‘முக்தா மலர்’ போன்ற நல்ல யூனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் பூச்சி பூச்சியாக வரும் தொல்லையும் யூனிகோடில் இல்லை.

எப்படி விளித்துச் சொல்வது என்பது சின்ன விஷயமில்லை. ‘அணைக்கவும்’ என்றால் அலுவலக அறிவிப்புப் போல இருக்கிறது. ‘அணை’ என்றால் மாமியாருக்கு மருமகள் புத்தகத்தை நீட்ட முடியாது. ‘அணைத்துவிடுங்கள்’, ‘ஊற வையுங்கள்’ என்பதே எல்லோருக்கும் பொருந்தியது. வீட்டில் புழங்கும் சொல்லையே போட்டோம். ‘எரிவாயு’ என்றால் ஒரு நிமிடம் யோசிப்பவர்கள் ‘கேஸ்’ என்றால் உடனே திரும்பிப் பார்க்கிறார்கள்.

இனி ஒரு முக்கியமான விஷயம். நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது. மாநகராட்சியில் தமிழ்ப் பள்ளிகள் உண்டு என்றாலும் பெரும்பாலோர் படிப்பது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மராத்தியிலும்தான். அவர்களுக்காக ஒவ்வொரு படத்திலும் பொருளின் பக்கத்திலேயே அதன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டோம்: அடுப்பு, குழாய், வாளி, மூடி, பை. பொருள் கண்ணுக்குத் தெரிகிறது, பெயர் வாய்க்குத் தெரியும், நடுவில் எழுத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. மாதக் கணக்கை நிரப்பும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால், மிச்சமான யூனிட்டை எண்ணுகிற சாக்கில் நாலு தமிழ்ச் சொல்லும் படித்துவிடுவார்கள்.

அச்சுக்குப் போகும் முன்

படங்களை அச்சாகும் அளவைப் போல இரண்டு மடங்கு பெரிதாக வரையுங்கள். சுருங்கும்போது கை நடுக்கம் மறையும். ஆனால் கோடும் பாதியாகும் என்பதை மறக்காதீர்கள். அரை மில்லி மீட்டர்க் கோடு கால் மில்லி மீட்டராகிவிடும், அதற்கும் மெலிந்தால் ஜெராக்ஸில் அறுந்து போகும். நிழலுக்குச் சாம்பல் நிறம் பூசாதீர்கள், திட்டுத் திட்டாக வரும். நெருக்கமான கோடுகளால் நிழல் காட்டுங்கள். ஸ்கேன் செய்யும்போது 600 டி.பி.ஐ. வைத்தால் கோடு கூர்மையாக இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். எழுத்துப் பக்கத்தை மறைத்துவிட்டு, படத்தை மட்டும் ஐந்தாறு பேரிடம் காட்டி ‘இது என்ன சொல்கிறது?’ என்று கேளுங்கள். பாட்டி ஒருவர், பள்ளிப் பிள்ளை ஒருவர், தமிழே தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். நீங்கள் விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது முக்கியம். புத்தகம் வீட்டுக்குப் போன பிறகு விளக்கம் சொல்ல நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை அல்லவா?

பகுதிக்குப் பகுதி குறிப்புகள் மாறும். டோம்பிவிலியில் ரயில் பாஸ் பெரிய செலவு, செம்பூரில் மின்கட்டணம், தாராவியில் தண்ணீர். டில்லியிலும் கொல்கத்தாவிலும் இருக்கும் நம் அன்பர்களுக்கு வேறு கணக்குகள் இருக்கும். பதின்மூன்று குறிப்புகளை உங்கள் பகுதிப் பெண்களிடம் கேட்டு எழுதுங்கள், படம் போடப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், கணக்கைப் பெரியவர்கள் சரிபாருங்கள். இரண்டு ரீம் தாளும் ஒரு ஸ்டேப்ளரும் இருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் 250 புத்தகம் தயாராகிவிடும். பக்கங்களைச் சேர்ப்பதில் சந்தேகம் வந்தால் டம்மியோடு சங்கத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து சரி செய்துகொள்ளலாம்.